இஸ்மாயில் கேட்ட படம்

1

சைகோனில் நான் வேலை பார்க்கும் சுங்க அலுவலகக் கூடத்தில், கவர்னர் படத்துக்கு இரண்டு முழம் தள்ளி, நான் எடுத்த போட்டோ ஒன்றைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். புதுச்சேரி முல்லா வீதிக்கு அடுத்த சந்திலுள்ள சின்னப் பள்ளிவாசல், சூரியன் இறங்கும் நேரம். இரண்டு மினாராக்களுக்கு நடுவே வானம் தகதகவென்று இருக்கும். இங்குள்ள போட்டோப் பிரியர்கள் கூடி அதற்கு இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். எங்கள் மேலதிகாரி வெள்ளைக்காரர். வருகிற போகிறவர்களையெல்லாம் இழுத்துக்கொண்டு போய், "எங்கள் அந்துவான் எடுத்தது!" என்று காட்டுகிறார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். வேறென்ன செய்ய?

இன்று காலையில் அவர் அதில் ஒரு பிரதி கேட்டார். பிரான்சிலுள்ள தம் மனைவிக்கு அனுப்பவேண்டுமாம். இன்றைக்குப் பார்த்தா கேட்கவேண்டும்! இஸ்மாயில் இறந்து இன்றோடு ஒரு வருஷம். அந்தப் படம் அவன் கேட்டு எடுத்தது. பார்க்கிறவர்களெல்லாம் அழகு அழகு என்கிறார்கள். கேட்டவனுக்கு அது ஒரு துளிகூட உதவவில்லை. இங்கே இதையெல்லாம் சொல்லி அழ எனக்கு ஆளில்லை. ஊரில் இதைப் படிக்கிற நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். நன்றாகத் திட்டுங்கள்.

2

இஸ்மாயில் நம் ஊர்க்காரன். சைகோன் சந்தைக்கு எதிரே ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிற வேலை. என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு மாடியறையில் இருந்தான். நான் கிறிஸ்தவன், அவன் முஸ்லிம், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். ஊரில் இருந்திருந்தால் தெருவில் பார்த்து ஒரு தலையசைப்போடு போயிருப்போம். இங்கே அப்படியா? 'வூட்டுக்குப் போறேண்ணே' என்று ஒருத்தன் நம் பேச்சில் சொல்லிவிட்டால் போதும், அவன் நமக்குத் தம்பி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம் கப்பலேறினான். அப்போது அவன் மனைவி ஜைனப்புக்கு ஏழு மாசம். பெண் பிறந்தது, ஆமினா என்று பேர் வைத்தது, பல் முளைத்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது எல்லாம் அவனுக்குக் கடுதாசியில்தான் தெரியும். இரண்டு வருஷத்தில் போய்ப் பார்த்துவிடலாம் என்றிருந்தான். கடை முதலாளி இன்று நாளை என்று இழுத்தார். நாலு வருஷம் கழித்து அவர் சரி என்றபோது இவனுக்கு இருமல் வந்துவிட்டது. பிறகு இருமலோடு ரத்தமும் வந்தது.

கப்பலில் ஏற்ற டாக்டர் சீட்டு வேண்டும் என்றார்கள். டாக்டர் 'பயணத்துக்குத் தகுதியற்றவர்' என்று எழுதி முத்திரை குத்தினார். நான் பிரெஞ்சு படித்தவன் அல்லவா, பெரிய ஆளாட்டம் அவனை அழைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன். ஓர் இடத்தில் சீட்டில் தேதி இல்லை என்றார்கள். தேதி வாங்கிக்கொண்டு போனால் சீட்டே பழையது என்றார்கள். புதுச் சீட்டுக்குப் போனால் அதே டாக்டர், அதே வாக்கியம். சொந்த ஊருக்குப் போக ஒருத்தன் தகுதியானவன்தான் என்று இன்னொருத்தன் காகிதத்தில் எழுதித் தரவேண்டும். இது எந்த ஊர் நியாயமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

3

என் மகள் மதலேன் இங்கேயே பிறந்தவள். அம்மாவோடும் என்னோடும் பிரெஞ்சில் பேசுவாள். சமையல்காரியோடு இந்த நாட்டு அன்னமித்திய பாஷை. தமிழில் அவளுக்கு முழுதாக வருவது 'எனக்குப் பசிக்குது' ஒன்றுதான். ராத்திரி ஜெபத்தைத் தமிழில் சொல்லச் சொன்னால் தோளைக் குலுக்குவாள். குலுக்குவது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரிகள் அப்படித்தான் குலுக்குவார்கள்.

இஸ்மாயில் வீட்டுக்கு வந்தால் அவளையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் அவள் என்னிடம் ஏதோ கேட்டாள். நான் தமிழில் பதில் சொன்னேன். அவள் விளங்காமல் எழுந்து போய்விட்டாள்.

"ஒங்க புள்ள பக்கத்துல இருக்குது, பேச மாட்டேங்குது. எம் புள்ள நல்லாப் பேசும்ணே. பக்கத்துல இல்ல" என்றான்.

"போடா, உனக்கு எல்லாம் விளையாட்டு" என்றேன்.

"வெளையாட்டா? இந்த மொகத்தப் பாத்தா வெளையாட்டாவா இருக்குது?" என்று சிரித்தான். முகம் அதற்குள் எலும்பும் தோலுமாக ஆகிவிட்டிருந்தது.

எனக்கு ஆறு மாச விடுப்பு கிடைத்து ஊருக்குக் கிளம்பிய வாரத்தில் அவன் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தான். சொல்லிக்கொள்ளப் போனேன். மூக்கில் துணி கட்டித்தான் உள்ளே விட்டார்கள்.

"அண்ணே, எங்க பள்ளிவாசல சாயங்காலத்துல ஒரு படம் புடிச்சிக்கினு வாங்க" என்றான்.

பக்தியில் கேட்கிறான் என்று நினைத்தேன். அவன் தலையை ஆட்டினான். "ஆமினாவ அங்கதான் பாக்க முடியும்ணே."

அப்புறம் விளக்கினான். நம் ஊரில் உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். பொழுது சாய்கிற நேரத்தில் பிள்ளைகளைப் பள்ளிவாசல் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கையில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கும். மகரிபுத் தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஓதி, பிள்ளைகள் தலையிலும் தண்ணீரிலும் ஊதிவிட்டுப் போவார்கள். காய்ச்சல், பயந்த கோளாறு, சாப்பிடாத பிள்ளை எதுவானாலும் சரி. இந்துப் பிள்ளைகளும் நிற்கும், நம் மாதா கோயில் பிள்ளைகளும் நிற்கும். ஆமினா நோஞ்சான். அதனால் அன்றாடம் அவளைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்று ஜைனப் எழுதியிருந்தாள்.

இஸ்மாயிலின் அம்மா போட்டோ என்றாலே காதைப் பொத்திக்கொள்கிறவர். உருவம் பிடிப்பது பாவம் என்று வீட்டில் யாரையும் ஒரு படம் எடுக்க விட்டதில்லை. "பள்ளிவாசல எடுக்கறேன்னு சொல்லுங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. புள்ள அதுலேயே வந்துடும்" என்றான் இஸ்மாயில். இத்தனை நாள் படுத்த படுக்கையில் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான். மகள் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டால் போதும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

"கொண்டுவர்றேன். நான் கொண்டுவரேனா இல்லையா பாரு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

4

ஊரில் என் தம்பி வீடு குருசுக்குப்பத்துக்குப் பக்கம். முதல் மாசம் விருந்தில் போனது. இரண்டு மாசம், என் அப்பாவின் ஞானஸ்நானப் பதிவில் இருந்த ஒரு பெயர்ப் பிழையைத் திருத்த மனு எழுதியே போனது. பிறகு அரியாங்குப்பத்தில் ஒரு கல்யாணம், அக்கா வீட்டில் ஒரு சாவு. பள்ளிவாசல் எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன். கடைசி மாசம் அங்கே போக ஆரம்பித்தபோது மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலமானால் மேற்கே மூட்டம். கேமராவைத் துணியில் சுற்றிக்கொண்டு போவதும், நனைந்து வருவதுமாக ஒரு வாரம்.

நடுவில் ஒருநாள் இஸ்மாயில் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆமினா ஓதப் போயிருந்தாள். அவன் அம்மா முன்னறையில் உட்கார்ந்து மகனைப் பற்றிக் கேட்டு அழுதார். நான் போட்டோ என்று வாயெடுத்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பேச்சே எடுக்காதீங்க" என்று எழுந்து போய்விட்டார். அப்போது உள்வாசல் திரைக்குப் பின்னாலிருந்து ஜைனப்பின் குரல் மெதுவாக வந்தது.

"அண்ணே, மாமி பகல்ல சாப்ட்டுட்டுப் படுத்துக்குவாங்க. அப்ப கொல்லப்பக்கமா வாங்க. புள்ளைய வெயில்ல கொண்டாந்து நிறுத்தறேன். சட்டுனு எடுத்துக்கினு போயிடுங்க."

அந்த வீட்டில் அப்படிச் சொல்ல அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வேணாம்மா. அவன் கேட்டது பள்ளிவாசல், சாயங்காலம். அந்த வெளிச்சத்துல எடுத்தாத்தான் அழகா இருக்கும்."

"அழகுக்கா கேட்டாங்க?" என்றாள். "அவுங்களுக்கு மொகம் தெரிஞ்சாப் போதும்ணே."

"மொகமும் தெரியும்மா. எத்தன படம் எடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

எனக்குள் இருந்தது வேறு. மினாராவுக்கு நடுவே சூரியன், கீழே வரிசையாகப் பிள்ளைகள். அந்தப் படம் என் தலைக்குள் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. கொல்லையில், கிணற்றடியில், மத்தியான வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற ஒரு குழந்தையை எடுத்து யாரிடம் காட்டுவது என்று நினைத்தேன். ஒரே ஒருவனிடம் காட்டியிருந்தால் போதுமே, மடையா!

5

வானம் வெளுத்தது நான் கப்பலேறுவதற்கு முந்தின நாள்தான். மூன்று மணிக்கே கிளம்பிவிட்டேன். சந்து திரும்பிப் பள்ளிவாசலுக்கு எதிரே போய் நின்றேன். சூரியன் பள்ளிவாசலுக்குப் பின்னால் நிற்கிறது. முகப்பு முழுக்க நிழல்.

மழை மூட்டத்தில் ஒரு வாரம் வந்துபோனவனுக்கு இது தெரியவில்லை. சைகோனில் எங்கள் பங்குக் கோயில் மேற்கே பார்த்த வாசல். சாயங்கால வெயில் நேராக அதன் முகத்தில் விழும். கல்லில் செதுக்கிய இறக்கை வைத்த சம்மனசுகளின் இமைகூடத் தெரியும். அதைப் பத்து முறை எடுத்த கை இது. வழிபாட்டு இடம் என்றால் சாயங்காலத்தில் ஜொலிக்கும் என்று மனசில் பதிந்துபோயிருந்தது.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார், கைகால் கழுவும் ஹவுள் தொட்டியில் தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அட என்னாங்க நீங்க" என்றார். "நாங்க மேக்கப் பாத்துத் தொழுவுறவங்க. வாசலு கெழக்காலதான இருக்கும்? காலயில வந்திருந்தா பளபளன்னு இருந்திருக்கும். நீங்க ஒங்க கோயில நெனச்சிக்கினு வந்துட்டீங்க."

இருபது வருஷம் அந்த ஊரில் வளர்ந்தவன் நான். அந்தச் சந்து வழியாக எத்தனை தடவை நடந்திருப்பேன்! அவர்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அப்போதாவது ஓடிப்போய் ஜைனப் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். நேரமிருந்தது. ஆனால் ஐந்து மணிக்கு மேல் வானம் சிவக்க ஆரம்பித்தது. என்ன சொல்வேன், அப்படி ஒரு வானத்தை நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் வந்து வரிசையில் நின்றார்கள். வாசற்படியிலிருந்து மூன்றாவதாக நிற்பது ஆமினா என்று மோதினார் காட்டினார். பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனாள். சிவப்புப் பாவாடை, இரண்டு கையாலும் பிடித்த டம்ளர். எனக்கு அவள் நன்றாகத் தெரிந்தாள். என் கண்ணுக்குத் தெரிவது கேமராவுக்கும் தெரியும் என்று தேற்றிக்கொண்டேன். புத்தகத்தில் படித்ததெல்லாம் எங்கே போயிற்றோ!

"ஆமினா! இங்க பாரு!" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தாள். எடுத்தேன். சுருளில் எட்டுப் படம். எட்டையும் அங்கேயே எடுத்தேன், சூரியன் இறங்க இறங்க ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றுக்கும் மினாரா நேராக இருக்கிறதா, சூரியன் நடுவில் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். பாங்கு சொன்னார்கள். தொழுகை முடிந்து பெரியவர்கள் வெளியே வந்து ஒவ்வொரு பிள்ளையாக ஊதிக்கொண்டு போனார்கள். அதற்குள் இருட்டிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் வந்து ஆமினாவைக் கூட்டிக்கொண்டு போனாள்.

6

சைகோனில் படத்தைக் கழுவிக் கொடுத்த சீனர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வாங்கிப் பார்த்தேன். வானம் ஜொலித்தது. அடியில் கரியால் பூசிய ஒரு பட்டை. அதில் மேடும் பள்ளமுமாகப் பிள்ளைகளின் தலைகள். எட்டுப் படத்திலும் அதே கரிதான். ஸ்டூடியோ வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கொண்டுபோகாமல் இருக்க முடியுமா? கப்பல் வந்த நாளிலிருந்து அவன் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறான் என்று நர்ஸ் சொன்னாள். போனேன். இஸ்மாயில் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினான்.

"யப்பா, என்னா வானம்ணே! நம்மூரு வானந்தான்" என்றான். மினாராவை விரலால் தொட்டான். "ரெண்டும் அப்படியே நிக்குது பாருங்க." பிறகு குரல் இறங்கியது. "ஆமினா எங்கண்ணே?"

"இதோ. படியிலேருந்து மூணாவது."

படத்தை ஜன்னல் பக்கம் திருப்பினான். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். தள்ளிப் பிடித்தான். மறுபடி கிட்டே கொண்டுபோனான்.

"கருப்பா இருக்கேண்ணே."

"வெயிலு பின்னால இருந்துச்சு இஸ்மாயில். எந் தப்புதான்."

அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "பரவால்லண்ணே. நீங்க நேர்ல பாத்தீங்கல்ல? நீங்க சொல்லுங்க. யாரு ஜாட?"

நான் வாயைத் திறந்தேன். பாவாடை ஞாபகம் இருந்தது. டம்ளர் ஞாபகம் இருந்தது. அவள் திரும்பிப் பார்த்ததும் ஞாபகம் இருந்தது. முகம் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எவ்வளவு தேடியும் ஒரு கண்ணோ மூக்கோ எனக்குக் கிடைக்கவில்லை. நாலு எட்டில் நின்றுகொண்டு வானத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

"உன் ஜாடைதான்" என்றேன். "அச்சா உன்ன மாதிரியே."

"மூக்கு?"

"மூக்கும்."

அவன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பினாள். மூன்று வாரத்தில் போய்விட்டான். படம் தலையணைக்கு அடியில் இருந்தது. ஆஸ்பத்திரியில் அவன் சாமான்களோடு அதையும் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்.

7

போன வாரம் ஜைனப்பிடமிருந்து கடுதாசி வந்தது. யாரையோ வைத்து எழுதச் சொல்லியிருக்கிறாள், வார்த்தை அவளுடையது.

'அவுங்க கடைசியாப் போட்ட கடுதாசியில, புள்ள தன் ஜாடைன்னு நீங்க சொன்னதா எழுதியிருந்தாங்க. மூக்குகூட அப்படியேன்னு சந்தோஷமா எழுதியிருந்தாங்க. இல்லண்ணே. ஆமினா என்னப் பெத்த அத்தா ஜாடை. அவுங்க ஜாடை அதுக்கு ஒண்ணுகூட இல்ல. நீங்க நல்ல மனசுலதான் சொல்லியிருப்பீங்க. இப்ப புள்ள, தன்னோட அத்தா எப்படி இருப்பாங்கன்னு கேட்டுக்கினே இருக்குது. எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க படம் புடிக்கிறவங்களாச்சே. அவுங்க படம் ஒண்ணு இல்லாமலா இருக்கும்? அனுப்பி வைங்க. மாமி தவறிட்டாங்க. இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.'

அவனுடைய அடையாளச் சீட்டில் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது அதை வாங்கிக்கொண்டார்கள், பிறகு அது பதிவு அலுவலகத்துக்குப் போய்விட்டது. நேற்று முன்தினம் அங்கே போனேன். ஜன்னலில் இருந்த வெள்ளைக்காரர், இறந்தவரின் வாரிசு நேரில் வந்து மனுக் கொடுக்கவேண்டும் என்றார். வாரிசுக்கு எட்டு வயது, முசியே, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள் என்றேன். அப்படியானால் காப்பாளர் வரட்டும் என்றார்.

உள்ளே குமாஸ்தாவாக இருக்கிற காரைக்கால் பிள்ளை என்னைப் பார்த்துவிட்டுப் பின்வாசலுக்கு வரச் சொன்னான். அரைமணி நேரம் தேடினான். திரும்பி வந்தபோது கை வெறுங்கையாக இருந்தது. "செத்தவங்க சீட்டையெல்லாம் வருஷக் கடைசியில எரிச்சிடறாங்கண்ணே. எங்கிட்ட முன்னமே ஒரு வார்த்த சொல்லியிருந்தா எடுத்து வெச்சிருப்பேனே" என்றான். முன்னமே அது யாருக்குத் தோன்றியது?

வீட்டுக்கு வந்து என் ஆல்பங்களை எடுத்தேன். மூன்று ஆல்பம். ஆறு, பாய்மரப் படகுகள், பங்குக் கோயில், பூக்காரிகள், மழையில் நிற்கும் ரிக்ஷாக்கள், யாரோ ஒருத்தரின் நாய். ஒவ்வொரு ஏடாகத் திருப்பினேன். மதலேன் வந்து எதைத் தேடுகிறாய் என்று பிரெஞ்சில் கேட்டாள். இஸ்மாயிலை என்றேன். அவளும் உட்கார்ந்து என்னோடு கடைசி ஏடுவரை பார்த்தாள். இல்லை.

இத்தனைக்கும் உடம்பு நன்றாக இருந்த நாளில் அவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னோடு ஆற்றங்கரைக்கு வருவான். கேமராவின் முக்காலியைச் சுமந்துகொண்டு வருவான். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது பலதடவை எதிரே வந்து நின்றிருக்கிறான், கையைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்தபடி, நல்ல வெளிச்சத்தில். ஒவ்வொரு தடவையும் நான் கையை வீசிக் காட்டுவேன். "தள்ளி நில்லு இஸ்மாயில், மறைக்கிற." சிரித்துக்கொண்டே தள்ளி நிற்பான்.